ரசமட்டக்காரர்

தரையோடு தரையாகக் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தளம் சமமா என்று காட்டும் ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் காபி சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. காதில் விழவில்லை. குமிழி ஒரு நூல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. சட்டைப்பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்து இரும்பு ஸ்டாண்டின் காலுக்கடியில் செருகுகிறார். குமிழி நடுவுக்கு வருகிறது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "என்னமோ கேட்டீங்களே?" என்கிறார்.

வீடுகளில் மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ரசமட்டக்காரர் என்றால் தெரியும். தங்கமீன் கேட்டு வருகிறவர்களை வேறு ஆளிடம் தள்ளிவிடுவார். அமெரிக்கச் சிக்லிட் மீன் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகமே மாறிவிடும். ஆஸ்கர், உடம்பெல்லாம் கறுப்புக் கம்பி போட்ட மீன், தொண்டை சிவந்த மீன் என்று அந்த ஜாதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீம்பு உண்டு. தன் மூலைக்குள் இன்னொன்று மூக்கை நீட்டினால் செதில் பறக்கும். "ஊரு அமெரிக்கா சார். குணம் அப்படியே நம்ம சொந்தக்காரங்க" என்பார். அவருக்குத் துணையாகப் போய் இந்த நகைச்சுவையை நானே நான்கு வீடுகளில் கேட்டிருக்கிறேன். நான்கிலும் அவர்தான் முதலில் சிரித்தார்.

அவர் வேலையில் அவசரம் கிடையாது. தொட்டிக்கடியில் தெர்மாகோல் ஷீட். உள்ளே முதலில் கல், அதற்கப்புறம்தான் மணல். மணல் மேல் கல்லை வைத்தால் இந்த மீன்கள் அடியில் பள்ளம் தோண்டும், கல் சாய்ந்து கண்ணாடியை உடைக்கும். பச்சைப்பசேலென்று செடி வேண்டும் என்று கேட்கும் அம்மாக்களிடம் மட்டும் வாதாட மாட்டார். "வைங்கம்மா. சாயந்திரம் மிதக்கும்."

இவ்வளவும் முடிந்த பிறகு வாடிக்கையாளரின் பொறுமைக்குச் சோதனை வரும். ஒரு மாதத்துக்கு மீன் கிடையாது. வெறும் தண்ணீரில் மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கிருமிகள் ஃபில்டர் பஞ்சில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். ஆளே இல்லாத தொட்டிக்கு எதற்கய்யா மோட்டார் என்று கேட்காத வீடு இல்லை. "நிறுத்திடாதீங்க. இடம் தயாரா இருந்தாத்தான் உயிரு தங்கும்" என்பதே எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில்.

அவர் கைவசம் இன்னொரு வித்தை இருக்கிறது. ஏற்கெனவே மீன்கள் இருக்கும் தொட்டியில் புதிதாக ஒன்றை விட வேண்டுமென்றால், சும்மா கொண்டுபோய் விட்டுவிட மாட்டார். விட்டால் பழைய மீன்கள் அதைத் துரத்தித் துரத்தி ஒரு மூலையில் ஒடுக்கிவிடும். முழங்கை வரை கையை விட்டு முதலில் எல்லாக் கல்லையும் இடம் மாற்றுவார். குகை இருந்த இடத்தில் மணல், மணல் இருந்த இடத்தில் குகை. பழைய மீன்களுக்குத் தங்கள் எல்லையே தெரியாமல் போய்விடும். எல்லோரும் புதியவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தக் குழப்பத்தில் புது மீனும் தனக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

போன வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை வீட்டில் இப்படிக் கல்லை மாற்றிக்கொண்டிருந்தார். எதற்கு நன்றாக இருந்ததைக் கலைக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். "புதுசா ஒருத்தர் வந்தா பழையவங்களும் கொஞ்சம் எடம் மாறணும்மா. இல்லாட்டி வந்தவங்க எங்க..." என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று ஆசிரியை பதறிப்போனார். ரசமட்டக்காரருக்குத் தன் தங்கை ஞாபகம் வந்துவிட்டது.

புருஷன் கைவிட்ட பிறகு அந்தத் தங்கை ஒரு பெட்டியும் காலால் மிதிக்கும் தையல் மிஷினுமாக அவர் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. எட்டு மாதம் இருந்தாள். அண்ணன், அண்ணி இருவருமே அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பொருளும் அவளுக்காக நகரவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்து, துலக்கி, துடைத்து, பெட்டியிலேயே வைப்பாள். அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்னறை ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மிஷினை அங்கே போட்டுக்கொள்ளட்டுமா?

ஜன்னலோரம் அவருடைய சொந்த ஆறடித் தொட்டி நின்றது. அதில் ஒற்றை ஆளாக ஒரு ஆஸ்கர். ஆளை முறைத்துப் பார்க்கிற தோரணையில் அதற்கு மேனேஜர் என்று பெயர். அறையில் துடைப்பத்தை இடம் மாற்றி வைத்தாலே கோபித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடும். தண்ணீர் நிறைந்த தொட்டியை அசைக்கக் கூடாது, அது தொழில் விதி, மேனேஜரும் தாங்க மாட்டார் என்று தங்கையிடம் அவர் பொறுமையாக விளக்கினார். அவளும் சரியென்று தலையாட்டினாள். மிஷின் பால்கனியிலேயே நின்றது, இரண்டு மழையில் நனைந்தது.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் கிடைத்துவிட்டது என்று சொல்லி, மிஷினை விட்டுவிட்டுப் பெட்டியோடு மட்டும் புறப்பட்ட அன்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் எதையும் மாத்தலண்ணா. எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு."

அன்றைக்கு அது அவருக்கு நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. எவ்வளவு பதவிசான பெண் என்று மனைவியிடம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார். இரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆசிரியை வீட்டுத் தொட்டிக்குள் கையை விட்டிருந்தபோதுதான் அவள் சொன்னதன் பாரம் அவர்மேல் இறங்கியது. ஊரான் வீட்டு மீனுக்கெல்லாம் கல்லை நகர்த்தியவர், கூடப் பிறந்தவளுக்காக ஒரு தொட்டியை நகர்த்தவில்லை. இதை என்னிடம் சொன்னபோது அவர் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது அந்த ஹாஸ்டல் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் அவள் காலி செய்தாக வேண்டும். செய்தி காதுக்கு வந்ததும் போன் செய்து வந்துவிடு என்றிருக்கிறார்.

"உங்களுக்கு எதுக்குண்ணா கஷ்டம். வேற எடம் பாத்துட்டு இருக்கேன்."

எதையெதையோ சொல்ல நினைத்து, "மிஷின் இங்கதாம்மா இருக்கு" என்று மட்டும் சொல்ல வந்திருக்கிறது.

"அது துருப்பிடிச்சிருக்குமேண்ணா" என்றாளாம். பிறகு, "பாக்கலாம்ணா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பின்னறைத் தொட்டியில் குழாயைப் போட்டுத் தண்ணீரை வடித்தார். மேனேஜரைப் பழைய ஃபில்டர், பாதிப் பழைய தண்ணீர் சகிதமாக முன்ஹாலில் ஒரு நாலடித் தொட்டிக்கு மாற்றினார். ஆறடித் தொட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, பால்கனிக்குப் போயிற்று. ஜன்னலோரம் ஆறடிக்குத் தரை மட்டும் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. மனைவி ஈரத் துணியோடு வந்து அதைத் துடைத்தாள். குத்திக்காட்டும் குரலில் இல்லை, யோசித்துக்கொண்டே சொல்வது போலத்தான் சொன்னாள்: "அப்பவே செஞ்சிருக்கலாம்ல." அவர் பால்கனிக்குப் போய் மிஷினை உள்ளே இழுத்துவந்தார்.

மிஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து, புது பெல்ட் மாட்டினார். ஜன்னலோரம் வைத்து அதன் பலகைமேல் ரசமட்டத்தை வைத்தார். ஒரு காலுக்கு டியூப் துண்டு தேவைப்பட்டது.

மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவளிடமிருந்து தகவல் இல்லை. முன்ஹாலில் மேனேஜர் ஒருக்களித்துப் படுத்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டிருக்கிறார், யாரும் கண்டுகொள்வதில்லை. தினமும் காலையில் பையைத் தோளில் மாட்டிய பிறகு ரசமட்டக்காரர் பின்னறைக்குப் போகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினை மிதிக்கிறார். துணி கிடையாது, நூல் கிடையாது. சக்கரம் சுற்ற, ஊசி சும்மா மேலும் கீழும் போய் வருகிறது.

நேற்று நான் போயிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, தைக்க ஒன்றுமில்லாமல் எதற்கு இதை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆளே இல்லாத தொட்டிக்கு எதற்கய்யா மோட்டார் என்று கேட்பது போலவே இருந்தது எனக்கு. அவர் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி, நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருந்தார்.