மூடிக்காரியின் பேக்கிங் கூலி

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் அந்தப் பெண்மணி மூடிகளை மட்டுமே விற்பவர். தேநீர்க் கெண்டியின் மூடி, சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி, சூப் பரிமாறும் பெரிய பீங்கான் பாத்திரத்தின் மூடி என, துணையை இழந்து தனித்து நிற்கும் எதுவும் அவர் வீட்டு அலமாரிக்கு வந்து சேரும். தெருவார் அவரை மூடிக்காரி என்றே அழைப்பர். அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை.

முன்பு அவர் ஒரு பீங்கான் கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் விரல் கணுவால் தட்டி, ஓசை மழுங்கியவற்றை ஒதுக்கி வைப்பது அவருடைய பணி. பாத்திரம் ஒதுக்கப்பட்டால் அதன் மூடி மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சியவை கிடங்கின் மூலையில் சாக்குகளில் குவிந்தன. கடையை மூடியபோது முதலாளி, கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக அந்தச் சாக்குகளைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்.

கீழ்த்தளத்தில் தையல் வேலை செய்யும், மூடிக்காரியின் நாத்தனார், சாக்குகள் மாடியேறிய அன்று வாசலிலேயே நின்று சிரித்தாராம்.

"சம்பளத்துக்கு மூடி குடுத்தானாம், நீங்களும் மூடிக்கிட்டு வந்தீங்களாம்! ஏன் அண்ணி, அதுக்கு மேல கேட்கத் தெரியாதா?"

"இருந்தாத்தானே கேட்க? வழிய விடு, கனக்குது."

அந்தச் சாக்குகளே பின்னர் குடும்பத்தைத் தாங்கின. அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவர். ஒருநாள் குனிந்தவர் நிமிர இயலாமல் வீட்டோடு தங்கும்படி ஆயிற்று. வாடகைக்கும் அவருடைய முதுகு வைத்தியத்துக்கும் வழி தேடியபோதுதான் இணைய ஏலத் தளத்தைப் பற்றி மூடிக்காரி அறிந்தார். மூடியை உடைத்துவிட்டு, அதே நிறத்தில், அதே பூவில், அதே அளவில் இன்னொன்றைத் தேடி அலைவோர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. உள்விளிம்பின் விட்டத்தை மயிரிழை பிசகாமல் அளந்து எழுதுவார். கைப்பிடிக் குமிழில் ஊசிமுனையளவு சேதம் இருந்தாலும் அதனைத் தனியே படமெடுத்துப் போடுவார். அவரிடம் வாங்கிய மூடி பொருந்தவில்லை என்று எவரும் திருப்பி அனுப்பியதில்லை. தளம் அவருடைய பெயரருகே 'நம்பகமான விற்பனையாளர்' என்னும் பச்சைக் குறியை இட்டிருந்தது. அக்குறி இருந்தால் தேடுவோரின் கண்ணில் முதற்பக்கத்திலேயே படலாம். இல்லையேல் எங்கோ பாதாளத்தில் கிடக்க வேண்டியதுதான். அந்தக் குடும்பத்தின் சோறு அந்தப் பச்சைக் குறியில்தான் இருந்தது.

தொல்லை கட்டணத்தின் வடிவில் வந்தது. வாங்குபவர் செலுத்தும் பணம் ஒரு நிறுவனத்தின் வழியாகவே வர வேண்டும் என்று தளம் விதி செய்தது. அந்நிறுவனம் நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வதோடு, ஒவ்வொரு விற்பனைக்கும் மாறாத ஒரு தொகையையும் பிடித்துக்கொண்டது. விலையுயர்ந்த பொருளை விற்பவருக்கு அது கொசுக்கடி. மூடிக்காரியிடம் ஏலம் போவனவற்றில் பாதி, ஒரு தேநீரின் விலைக்குப் போகும் சின்னஞ்சிறு மூடிகள். சிலவற்றை விற்றபின் கணக்கைப் பார்த்தால், மூடியும் போய், கைக்காசும் போயிருக்கும்.

சிறு விற்பனையாளர்கள் தங்களுக்குள் ஒரு கைப்பேசிக் குழு வைத்திருந்தனர். அதில் பழைய கடிகாரங்களுக்குத் தோல்வார் விற்கும் ஒருவர், உதவும் குணமுடையவர், வழி சொன்னார்.

"மூடியக்கா, இதுக்குப் போயி மண்டையை உடைச்சுக்கிறீங்களே! பேக்கிங் கூலியில ஏத்திவிட்ருங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம். ஒருத்தனும் கேட்கமாட்டான்."

"தம்பி, பழைய பேப்பரும் அட்டைப் பெட்டியும் எனக்குச் சும்மா வருது. அதுக்குப் போயி அவ்வளவு கூலின்னு எப்படிப் போட?"

"அப்ப நஷ்டத்துல வித்துக்கிட்டே இருங்க."

கடிகாரவார்க்காரர் சொன்னதில் அவருக்கு நியாயம் தெரிந்தது, பெயரில்தான் உடன்பாடில்லை. கீறலைக் கீறல் என்று எழுதிப் பழகிய கை அது. ஆகவே ஒவ்வொரு மூடியின் விவரத்துக்கும் அடியில், 'பணம் செலுத்தும் வழிக்கான கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது. பேக்கிங் இலவசம்' என்று எழுதி, தொகையையும் குறிப்பிட்டார். வாங்கியவர்கள் முணுமுணுக்காமல் செலுத்தினர். சிலர் நன்றியும் எழுதினர்.

மழைக்காலம் முழுவதும் இவ்வாறே ஓடியது.

பிறகுதான் அந்தப் பெரிய மூடி ஏலத்துக்கு வந்தது. பச்சைக் கொடி படர்ந்த, உச்சியில் கனிவடிவக் குமிழ் கொண்ட சூப் பாத்திரத்தின் மூடி. இருவர் போட்டிபோட்டு விலையை ஏற்றிக்கொண்டே போயினர். வென்றவர் ஒரு பல் மருத்துவர். மாமியார் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய சூப் பாத்திரத்தின் மூடியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்ட மருமகன் அவர். மூடிக்காரி அதுவரை கண்டிராத விலை அது. கணவரின் முதுகுக்குப் பட்டை வாங்கலாம் என்று அன்று மாலையே இருவரும் பேசிக்கொண்டனர்.

மறுநாள் காலை தளத்தில் அவருடைய கணக்கு திறக்கவில்லை.

"என்னங்க, உள்ளயே போகமாட்டேங்குது."

கட்டிலில் மல்லாந்திருந்த கணவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாரும்மா."

"போட்டாச்சு. ஏதோ எழுதியிருக்கான். படிக்கிறேன், கேளுங்க. செலுத்துகைக் கட்டணத்தை வாங்குபவர்மீது சுமத்தியமையால் தங்கள் விற்பனை உரிமை நிறுத்திவைக்கப்படுகிறது."

"எல்லாரும் சுமத்துறாங்கன்னு சொன்னியே?"

"எல்லாரும் பண்றாங்க. நான்தான் எழுதியும் வச்சேன்."

பல் மருத்துவர் செலுத்திய பணமும் உள்ளேயே முடங்கிவிட்டது. மூடிக்காரி உதவிப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் நிலையை விரிவாகத் தட்டச்சு செய்தார். விடை நொடியில் வந்தது: 'தங்கள் சிரமம் எமக்குப் புரிகிறது. விற்பனையாளர் பக்கத்தில் உள்ள மேல்முறையீடு என்னும் பொத்தானை அழுத்துக.' அந்தப் பக்கம்தான் பூட்டப்பட்டிருக்கிறதே என்று எழுதினார். 'தங்கள் சிரமம் எமக்குப் புரிகிறது' என்று தொடங்கி அதே விடை மீண்டும் வந்தது.

தைத்த துணியைக் கொடுக்க மாடிக்கு வந்த நாத்தனார் தோள்மேலாக எட்டிப் பார்த்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு, சாவி உள்ள இருக்கு, எடுத்துத் திறந்துக்கோங்கறான். நல்லாயிருக்கே நியாயம்! மனுஷங்க யாரும் இல்லையா அண்ணி அங்க?"

"இருந்தா நேர்ல போயி கால்லயே விழுந்துடுவேன். எங்க விழுறதுன்னுதான் தெரியல."

நாத்தனார் அதற்குமேல் கேலி பேசவில்லை. துணியை வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பல் மருத்துவர் முன்பொருமுறை இவரிடம் ஒரு சர்க்கரைக் கிண்ண மூடி வாங்கியவர். அந்தப் பொட்டலத்தில் இருந்த கைப்பேசி எண்ணைத் தேடியெடுத்துப் பேசினார்.

"அம்மா, ஏலம் ரத்துன்னு வருதே, என்னாச்சு? எங்க மாமியார் வர்றதுக்குள்ள மூடி வந்தாகணும்மா. வந்து பார்த்தாங்கன்னா என் பல்லு தப்பாது."

மூடிக்காரி நடந்ததைச் சொன்னார். மருத்துவர் கொதித்துவிட்டார்.

"நான் மனசார கட்டினேன். எனக்கில்லாத வலி இவனுக்கு என்ன? நான் எழுதுறேன் பாருங்க. வாங்கினவனே சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?"

"எழுதுங்க டாக்டர் சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சொன்னபடியே எழுதினார். ஆனால் வாங்குபவர் ஒரு விற்பனையாளரைப் பற்றித் தளத்துக்கு எழுத வேண்டுமெனில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதன் பெயர் புகார். நட்சத்திரக் குறியிட்ட இடங்களையெல்லாம் நிரப்பி, 'இவர் மிக நேர்மையானவர்' என்று எழுதி அனுப்பினார் மருத்துவர். மறுநாள் மூடிக்காரிக்குச் செய்தி வந்தது: 'தங்கள்மீது வாங்குபவர் ஒருவரிடமிருந்து புகார் பெறப்பட்டுள்ளது.'

"நல்லது சொல்றதுக்கு அங்க எடமே இல்லையாம்மா," என்றார் மருத்துவர், குரல் இறங்கி. "நான் இன்னொண்ணு எழுதட்டுமா?"

"வேண்டாம் சார். விட்ருங்க."

மூடிக்காரி எழுதிக்கொண்டே இருந்தார், உதவிப் பக்கத்தில். காலையில் சமையலுக்கு முன் ஒருமுறை, பகலில் கணவருக்கு ஒத்தடம் கொடுத்தபின் ஒருமுறை. கெஞ்சியும் எழுதினார், சற்றே கோபமாகவும் எழுதிப் பார்த்தார். எதற்கும் தளத்தின் குரலில் மாற்றமில்லை. ஏச்சாக இருந்திருந்தாலும் ஒரு மனிதரின் வாய் அங்கே இருக்கிறது என்று தேறியிருப்பார்.

கடைசியில் நிபந்தனை ஒன்று வந்தது. கட்டணம் என்று வாங்கிய அனைத்தையும் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் திருப்பித் தர வேண்டும். அவ்வாறு தந்தால் கணக்கு திறக்கும். கணவரும் நாத்தனாரும் கூடவே அமர்ந்திருக்க, அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். திருப்புவதும் அதே நிறுவனத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். அதற்கும் அந்நிறுவனம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்துக்கொண்டது.

"போகும்போதும் வெட்டுறான், வரும்போதும் வெட்டுறான்," என்றார் கணவர். "என் முதுகு மாதிரி."

முதுகு வைத்தியத்துக்கென ஒதுக்கியிருந்த பணம் அதிலேயே கரைந்தது. கணக்கு திறந்தது. பச்சைக் குறி இல்லை. பெயரருகே சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று வட்டம் மட்டும் இருந்தது.

திறந்த பக்கத்தின் மேலேயே, அவரை வரவேற்பதுபோல், ஓர் அறிவுரை மின்னியது: 'செலவுகளை ஈடுசெய்ய விரும்பும் விற்பனையாளர்கள், உரிய தொகையைப் பேக்கிங் கூலியில் சேர்த்துக்கொள்ளலாம். மீண்டும் விதி மீறினால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.'

அவர் அதை இருமுறை படித்தார். பிறகு உதவிப் பக்கத்தில் கேட்டார்: அதே பணத்தை வேறு பெயரில் வாங்கினால் சரியா? 'ஆம். தங்களுக்கு வேறு உதவி தேவையா?' என்று விடை வந்தது.

"போட்டுரும்மா," என்றார் கணவர். "அவனே சொல்றான்ல."

"அவன் சொல்லுவான். வாங்குறவங்க என்னை நம்பித்தானே படிக்கிறாங்க? பேப்பருக்கு இவ்வளவான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அப்ப என்ன பண்ணலாங்கற?"

வாடகை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூடிக்காரி, கட்டணத்தையும் பேக்கிங்கையும் பற்றி எழுதியிருந்த வரியை ஒவ்வொரு மூடியின் கீழிருந்தும் அழித்தார். பேக்கிங் கூலி என்னும் கட்டத்தில் தொகையை இட்டுப் பொத்தானை அழுத்தினார்.

ஏலம் ரத்தாகி மருத்துவருக்கே பணம் திரும்பியிருந்ததால், பச்சைக்கொடி மூடியை அவருக்காக, ஏலமின்றி அதே விலைக்கு, மீண்டும் ஏற்றினார். அவர் உடனே வாங்கிவிட்டுத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதினார்: 'மாமியார் வந்துட்டாங்கம்மா. பாத்திரத்தைப் பீரோ மேல ஒளிச்சு வச்சிருக்கேன், சீக்கிரம் அனுப்புங்க. அந்தப் பழைய சார்ஜை எடுத்துட்டீங்க போல, நல்லது. ஆனா பேக்கிங் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே? நீங்க சும்மாதானே கட்டித் தருவீங்க?'

செய்திப் பெட்டியில் எழுதுவதையெல்லாம் தளம் படிக்கும், கட்டணம் என்ற பேச்சைக் கண்டாலே மறுபடி பூட்டிவிடும் என்று கடிகாரவார்க்காரர் எச்சரித்திருந்தார். மூடிக்காரி எழுதத் தொடங்கியதை மும்முறை அழித்தார். 'நல்லாக் கட்டி அனுப்புறேன் சார்' என்று மட்டும் எழுதினார்.

எழுதிவிட்ட பிறகு அந்தச் சொல்லை மெய்யாக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கீழே போய் நாத்தனாரிடம் பஞ்சு விலைக்குக் கேட்டார்.

"பீங்கானுக்குப் பஞ்சா? மெத்தை போட்டுத் தூங்க வைக்கப் போறீங்களா அண்ணி?"

"அவரு பேக்கிங்குக்குப் பணம் குடுத்திருக்காரு. குடுத்ததுக்கு இருக்கணும்ல?"

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஞ்சைக் கொடுத்தார்; காசு வாங்க மறுத்தார். மூடிக்காரி தையல் இயந்திரத்தின் மேல் காசை வைத்துவிட்டு வந்தார். பஞ்சில் ஒரு சுற்று, பழந்துணியில் ஒரு சுற்று, தாளில் இரு சுற்று, புதிதாக விலைக்கு வாங்கிய தடித்த அட்டைப் பெட்டி, அதன்மேல் இன்னொரு பெட்டி. கட்டி முடித்தபோது மூடி ஒரு தலையணையைவிடப் பெரிதாகிவிட்டது.

கூரியர் கடையின் எடைமேடையில் அதைத் தூக்கி வைத்தார். அங்கிருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னக்கா, அம்மிக்கல்லா அனுப்புறீங்க? எடை எகிறிடுச்சு, அடுத்த ரேட்டுக்குப் போயிருச்சு."

"எவ்வளவு கூடும்மா?"

அவள் சொன்னாள். மருத்துவர் செலுத்திய பேக்கிங் கூலியைவிட அது அதிகம்.

"கத்திரிக்கோல் இருக்கு. வெளிப்பெட்டியப் பிரிச்சு, ஒரு சுத்து எடுத்துட்டா பழைய ரேட்டுலயே போயிரும். பிரிக்கட்டுமா?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. மூடிக்காரி பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. கட்டினது கட்டினபடியே போகட்டும்," என்று சொல்லிப் பணப்பையைத் திறந்தார்.