பாடி என்னுடையது, லென்ஸ் அவருடையது

லென்ஸைக் கேமராவில் பொருத்தித் திருப்பினால் கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஐந்து ஐம்பதுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை, டைரியில் இருக்கிறது. தூசி விழாமல் இருக்க நான் கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஏந்திப் பிடித்திருப்பேன். பி.டி. சார் குனிந்து லென்ஸைப் பொருத்துவார்.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் அலுவலகக் கிளார்க். இருவருக்குமே நாற்பது தாண்டியபின் வந்த ஆசை இது. முழு கேமராவை ஒருவராக வாங்கத் துணிவில்லாமல், லென்ஸ் இல்லாத வெறும் பாடியை நான் வாங்கினேன். அவர் ஐம்பது எம்எம் லென்ஸை வாங்கினார். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாத, ஒரே அளவாகப் பார்க்கிற சின்ன லென்ஸ் அது. பாடி உத்திரமேரூரில் என் அலமாரியில் இருந்தது, லென்ஸ் பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் அவர் வீட்டில். தனித்தனியே இரண்டும் எதற்கும் உதவாது. ஞாயிறன்று முதல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினால்தான் எங்களுக்குக் கேமரா.

லென்ஸை அவர் அரிசி போட்ட டிபன் டப்பாவில் வைத்து எடுத்து வருவார். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளுமாம். அரிசித் தூசி கண்ணாடியைக் கெடுக்கும் என்று படித்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் வாங்கிக் கொடுத்தேன். “இத்த வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? அரிசின்னா மத்தியானம் சோறாவது வடிக்கலாம்” என்றார். ஆனால் அடுத்த வாரம் டப்பாவில் என் பொட்டலங்கள்தான் இருந்தன.

ஆளுக்குக் கால் மணி நேரம். ஒருவர் படம் எடுக்கும்போது மற்றவர் சும்மா நிற்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகத்தையும் வெளிச்ச அளவையும் நோட்டில் எழுதுவேன். புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இன்றும் அதைச் சொல்கிறேன், பலன் உண்டு. அவர் எழுதமாட்டார். “இன்னா சார், பரீட்சைக்கா படிச்சிக்கினு கீற?” என்று சீண்டுவார். அறுவடை முடிந்த கழனியில் ஒருமுறை வாத்து மேய்க்கிறவர் ஒருவர் நின்றிருந்தார். வரப்பிலிருந்தே நான் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். “அங்கேர்ந்து எட்த்தா வாத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. கிட்ட போ சார். வாத்து உன்னைத் தூக்கிக்கினா போய்டும்?” என்று தோளைப் பிடித்துத் தள்ளினார். போனேன். வாத்துக்காரர் ஊர் விசாரித்தார், பீடி நீட்டினார், பேச்சோடு பேச்சாகத்தான் அந்தப் படம் விழுந்தது. மீசையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது தெரியாமலே சிரிக்கிறார். நான் எடுத்தவற்றில் அதற்கு இணையான முகம் இன்னொன்று இல்லை.

அதன்பின் நான்கு மாதம் அலசி, ஒப்பிட்டு, நானாக ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்த பிறகே என் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார். அதில் லென்ஸ் ஏற்கெனவே மாட்டியிருந்தது. “இனிமே நீங்க இத சுமந்துக்கிட்டு வர வேணாம் சார்” என்றேன். அவருடைய பாரத்தைக் குறைத்ததாகவே நம்பினேன்.

வாங்கிப் பார்த்தார். ஏரியின் அக்கரைக் கொக்கை இழுத்துப் பார்த்து, “ஷோக்கா கீது சார்” என்றார். தன் கால் மணி நேரம் முடியுமுன்னே கேமராவைத் திருப்பித் தந்தார். டப்பாவை மூடினார். அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு வந்தார், அதற்கடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றார். மூன்றாவது ஞாயிறும் வரவில்லை, ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆண்டே பெருநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரங்களின் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். புது லென்ஸ் எந்த அளவில் எவ்வளவு கூர்மை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

இப்போது என்னிடம் மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. எதை வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரே ஒரு சின்ன லென்ஸ் போதும், ஒரு வருஷம் அதோடு நடங்கள் என்பேன். கூட யாரையாவது அழைத்துப் போங்கள் என்று எழுதத் தொடங்கி, அழித்துவிடுவேன்.

போன மழைக்கு ஏரி நிரம்பியது. உபரி நீர் போகும் கலங்கலில் தண்ணீர் வழிய, அங்கே வலை வீசுகிற ஒருவரைப் படம் எடுத்து பி.டி. சாருக்கு அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் முதல்முறை. சற்று நேரத்தில் போன் வந்தது.

“படம் நல்லாத்தான் கீது சார். ஆனா தூரத்துலயே நின்னுக்கினு எட்த்துகீற.”

“தள்ளிவிட ஆள் இல்லையே சார்” என்றேன்.

சிரித்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, எத்தனையோ ஞாயிறுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “உங்க லென்ஸை எடுத்துக்கிட்டு வாங்க சார்.”

“அதுவா... பூஞ்சை புட்ச்சிகிச்சி சார். மாட்டாமலே வெச்சிக்கினு இருந்தா இன்னா ஆவும்?”

லென்ஸில் பூஞ்சை பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்திலேயே துடைத்தால் போய்விடும். கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் தழும்பு நிற்கும், வெளிச்சத்தை நேரே பார்த்தால் படம் மங்கும். ஊருக்கெல்லாம் எழுதுகிற பதில் அது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

“மங்கலா வந்தா வரட்டும் சார். அதையே மாட்டுவோம்.”

மறுமுனையில் யாரோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

“ஞாயித்துக்கெயம இப்போ மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு சார்?” என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைக்கிற எனக்கு அது தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.