சைக்கிள் வகுப்பில் உடைந்த சபதம்

நண்பர்களே, டாக்டர் மிரட்டியதால் இன்று காலை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் வகுப்பில் சேர்ந்தேன்.

பக்கத்துச் சைக்கிளில் சென்னியப்பன். எங்கள் கூட்டுப் பனியன் கம்பெனியை உடைத்து, என்னிடம் சரக்கு வாங்கிய ஜெர்மன் பையரையும் கூட்டிக்கொண்டு போன முன்னாள் பார்ட்னர். சாகும்வரை அவனோடு பேசுவதில்லை என்பது என் சபதம்.

டேப்பில் பாட்டு ஓட, முறைத்துக்கொண்டே மிதித்தோம். அவனுக்கு முன்னால் இறங்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் இல்லை.

அப்போது அவன் பனியன் கண்ணில் பட்டது. பனியன் தொழில் செய்யும் நம் ஊர்க்காரன் கை சும்மா இருக்குமா? எட்டிப் பிடித்து, துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டேன். வாயும் கேட்டுவிட்டது:

"நல்ல துணியா இருக்குதுங்களே, எங்க ஓட்டுனதுங்க?"

யாரிடம் கேட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"நம்ம மெஷின்லதானுங்க" என்றான் மூச்சிரைக்க. அதற்குள் அவன் கை என் பனியன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க, இது ரெண்டு துவைப்புக்குத் தாங்காதுங்களே! நான் நாலு பனியன் அனுப்பட்டுங்களா?"

"சார், ரெண்டு பேரும் ஹேண்டிலைப் பிடிங்க!" என்று கத்தினார் மாஸ்டர். சிரித்த சிரிப்பில் இருவருக்கும் மிதிப்பதே நின்றுபோனது.

சபதத்தை நாளைக்கே புதுப்பிக்கலாமா, பனியன் வந்து சேர்ந்த பிறகா? யோசனை சொல்லுங்கள்.