வாடகை சைக்கிளை விட்ட இடம்

இப்போதும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். பத்து வயதில் ஒரு வாடகை சைக்கிளையே தொலைத்தேன்.

முழுப்பரீட்சை லீவு. ஒரு மணி நேரத்துக்கென்று எடுத்துப் போனவள், மூச்சிரைக்க நடந்து வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கே விட்டாய் என்று கேட்டால் அழுகைதான் வந்தது. பொழுது சாயக் கடைக்காரர் வாசலில் நின்றார். அப்பாவும் வழக்கமாக மில் விட்டு வருகிற நேரத்துக்குத் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, ஒங்க மூஞ்சிக்காகத்தான் பிள்ளைட்ட வண்டியக் குடுத்தேன்" என்றார் கடைக்காரர். புது சைக்கிளுக்கு எங்கே போவது என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வந்திருந்த தாய்மாமா மட்டும் சிரித்தார். "நீ சைக்கிள ஓட்டிட்டுப் போனியா, அது ஒன்னைய ஓட்டிட்டுப் போச்சா தாயி?"

மாமா ஊர் ஊராகப் பாத்திரம் விற்பவர். தெருப் பெயர் எதுவும் அவர் மனதில் நிற்காது. கருவாடு மணத்த வீடு, நாய் துரத்திய வீடு என்றுதான் நினைவு வைத்திருப்பார். என்னையும் அந்த வழியிலேயே நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கண்ணை மூடவைத்தார்.

"எடத்த விடு. வாயில என்ன ருசி?"

"சேமியா ஐஸ்."

"காலு?"

"சுட்டுச்சு. எறங்கி நின்னதும் நெழல். குளுகுளுன்னு இருந்துச்சு."

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

"மோட்டாரு ஓடுச்சு."

"சந்தோசமா இருந்தியா, பயமா இருந்துச்சா?"

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் கூடி வந்துவிட்டது.

"ஆத்தங்கர புளியமரம்! மோட்டார் ரூம் செவுத்துல சாத்துனேன். மரத்தடியில அப்பா ஒத்தையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. பாத்தா அடிப்பாருன்னு ஓடியாந்துட்டேன்."

பெருமையோடு கண்ணைத் திறந்தேன். மாமா என்னைப் பாராட்டவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மில் இருந்தது ஊரின் மறுகோடியில்.

"இன்னைக்கு வேல இல்லையா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அந்த எடம் எனக்குத் தெரியும். நானே போய் எடுத்துட்டு வாரேன்."

சைக்கிள் வந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. அம்மா அந்தத் தூக்குவாளியை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அதில் சோறு போடவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது தம்பி மட்டும் போனான். சைக்கிளைத் தொலைத்ததற்கான தண்டனை என்றே நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.