புளி போட்டு மினுக்கிய ரோமானிய நாணயம்

அந்த நாணயத்தைத் தேய்த்தது நான்தான் என்பது மகளின் ஆசிரியைக்குத் தெரியுமா? இரண்டு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

நாங்கள் சுவிஸில் டீட்டிகோனில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அவள் மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பிரிவில் படிப்பாள் என்பதை இந்த ஆசிரியைதான் பரிந்துரைக்க வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விடயம் பற்றிப் பேச வேண்டும் என்றபோது, மகள் ரோமானியரின் காசுகளைத் தெரிவுசெய்தாள். மகள் 'லேரரின்' என்று சொல்லும் அந்த ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். தன் தகப்பன் விட்டுப்போன உண்மையான ரோமானிய நாணயம் ஒன்றைச் சிறிய பெட்டியில் வைத்து, பேச்சு முடியும்வரை வைத்திரு என்று கொடுத்துவிட்டார்.

குசினியில் நான் சமைக்கும்போது மகள் பக்கத்தில் நின்று பேசிப் பழகுவாள். ஒரு தங்க அவுரேயஸுக்கு இருபத்தைந்து வெள்ளித் தெனாரியஸ். ஒரு தெனாரியஸுக்கு நான்கு பித்தளைச் செஸ்டெர்டியஸ். ஒரு செஸ்டெர்டியஸுக்கு நான்கு செப்பு ஆஸ். குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பேன். என் கவனமெல்லாம் அவளுடைய ஜெர்மனில்தான் இருந்தது. எங்கே தடுக்குகிறாள், எந்தச் சொல்லை விழுங்குகிறாள் என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் அவள் என்ன சொல்கிறாள் என்பதை நான் கவனிக்கவேயில்லை.

பேச்சுக்கு முதல்நாள் வியாழக்கிழமை. முதியோர் இல்ல வேலை முடிந்து வந்து, வெள்ளிக்கிழமைக்காகச் சாமி விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் அந்தப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். நாணயம் கறுத்து, ஓரங்களில் பச்சை படிந்து, இடையிடையே மங்கலான வெள்ளியோடு கிடந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை நாங்கள் கழுவாமல் திருப்பிக் கொடுப்பதில்லை. தமிழர் வீட்டுக்குப் போய் இப்படி ஊத்தையாக வந்திருக்கிறது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயமும் வந்தது. கையில் புளி இருந்தது. தேய்த்தேன். பிறகு விபூதி போட்டும் தேய்த்தேன். கறுப்புப் போனது. இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். வெள்ளியும் போனது. கையில் மிஞ்சியது சிவந்த செம்பு. சூரியக் கதிர்போன்ற கிரீடம் வைத்த அரசனின் மூக்கும் மழுங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

"ஊத்தையாக் கிடந்தது, பிள்ளை. கொஞ்சம் மினுக்கினனான்."

"ஐயோ அம்மா, அது உள்ளுக்கு முழுக்கச் செம்பு. மேல மட்டும்தான் மெல்லிசா வெள்ளி. வெள்ளி பத்தாமப் போக அரசாங்கமே அப்பிடி ஏமாத்தினது. அதைக் காட்டத்தான் லேரரின் இந்தக் காசைத் தந்தவ. பத்துத் தரம் சொன்னனான், நீங்கள் கேக்கேல்லையோ?"

களஞ்சிய வேலை முடிந்து வந்த கணவர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயிரத்தெழுநூறு வருசம் மண்ணுக்க கிடந்து தப்பின சாமான், எங்கட குசினியில அரை மணித்தியாலம் தாங்கேல்லை" என்று சிரித்தார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டார். "போய்ச் சொல்லு. மனுசி கடிக்கமாட்டா."

"ஓம், சொல்லுறன்" என்றேன். ஆசிரியைக்கு ஜெர்மனில் நாலு தரம் செய்தி எழுதினேன். நாலு தரமும் அழித்தேன். விலையைக் கட்டிவிடலாம். தகப்பன் தொட்டு வைத்திருந்த பொருளுக்கு என்ன செய்வது? இதற்குப் பிறகு மகளின் பரிந்துரையை எந்த மனதோடு எழுதுவார்? கடைசியில் எதையும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சை முடித்துவிட்டு, மத்தியானம் மகள் சாப்பிட வந்தாள்.

"நான்தான் மினுக்கினதெண்டு சொல்லிட்டன்."

"ஏன் பிள்ளை?"

"உங்களைக் கூப்பிட்டுக் கதைச்சா நீங்கள் அழுவீங்கள். பிறகு ஜெர்மனும் வராது."

"லேரரின் என்ன சொன்னவ?"

"என்ன போட்டு மினுக்கினனீ எண்டு கேட்டவ. புளி எண்டன். பெட்டியை மூடி லாச்சிக்குள்ள வைச்சவ. பிறகு, உன்னட்ட இதை எதிர்பாக்கேல்லை எண்டவ."

அவள் சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் பாடசாலை வாசலில் ஆசிரியையைக் கண்டேன். வழக்கம்போல வணக்கம் சொன்னார். பதினொரு வயதுப் பிள்ளை தானாகப் புளியை எடுத்துத் தேய்த்திருப்பாள் என்று அவர் நம்பியிருப்பாரா? நான் வாயைத் திறந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற புதன்கிழமை பரிந்துரை பற்றிய பெற்றோர் சந்திப்பு. ஆசிரியை, மகள், நான், மூவரும் ஒரே மேசையில் இருப்போம். உண்மையைச் சொன்னால், அந்த முடிவு எடுக்கும் நாளிலேயே என் பிள்ளை பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால், என் பிழையை அவள் சுமப்பாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கணவர் சொல்லு என்கிறார். மகள் வேண்டாம் என்று அழுகிறாள். எனக்கு நித்திரை இல்லை.

இதை வாசிக்கும் தாய்மாரே, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? மகளுக்குத் தெரியாமல் முன்னரே போய் ஆசிரியையிடம் சொல்லலாமா, அல்லது அவளை வைத்துக்கொண்டே சொல்வதுதான் முறையா? தயவுசெய்து புதன்கிழமைக்கு முன் எழுதுங்கள்.