முதல்வர் அம்சம் கையெழுத்துப் போடாத கோப்பு

அம்சம் பி.எஸ்சி. சேர்ந்தது அறுபத்தேழில். குடவாசலுக்குத் தெற்கே ஒரு பண்ணை ஊரில் கூலி வேலை செய்த மருதையனின் மகள் அவள். அந்தத் தை மாதம் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தும் யாரும் வயலில் இறங்கவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரச்சொல்லி விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டிருந்தது. முன்னால் நின்று கேட்டவர் மருதையன். பண்ணையார் வரப்பு வழியை முள் போட்டு அடைத்தார். பஸ் பிடிக்க அம்சம் இரண்டு மைல் சுற்றி நடந்தாள். கல்லூரியில் பெண்களுக்கு விடுதி கிடையாது. முதல் பீரியடு தினமும் போயிற்று. வருகைக் குறைவு என்று பெயர் பலகையில் ஏறியது.

"நீ போயி படி. கொடியை நான் புடிச்சிக்கிறேன்" என்றார் மருதையன்.

அடுத்த டிசம்பரில் கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்ட சேரி ஜனங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த செய்தி வந்தது. வகுப்பில் யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. தான் எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும் என்று அந்தப் பேசாமையில்தான் அவளுக்கு விளங்கியது.

எம்.எஸ்சி. முடித்து, எழுபத்திரண்டில் அரசுக் கல்லூரியில் ட்யூட்டர் ஆனாள். அப்புறம் உதவிப் பேராசிரியர். ராமநாதபுரம், தர்மபுரி, மறுபடி ராமநாதபுரம் என்று மாற்றல் மேல் மாற்றல். கணவர் இராஜாங்கம் கும்பகோணத்தில் தபால்காரர். இருபது வருஷம் விடுமுறை நாட்களில் மட்டும் குடும்பம் நடத்தினார்கள். வயல் தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். துறைத்தலைவரும் ஆனாள்.

முதல்வர் பதவிக்கான பட்டியலில் மட்டும் இரண்டு தடவை அவள் பெயர் வரவில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் முதல்வர் ஆனார்கள். மூன்றாம் தடவை சென்னைக்குப் போய், கல்லூரிக் கல்வி இயக்குநர் அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டாள். என்றோ ஒரு முதல்வர் அவளைப் பற்றிய ஒரு வருஷத்து ரகசிய அறிக்கையை அனுப்பாமலே ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவ்வளவுதான் காரணம். அந்தப் பதவி தனக்கு வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நினைத்தது அன்றைக்குத்தான். சேவை, லட்சியம் எதுவும் அதில் இல்லை. ரோஷம்.

இரண்டாயிரத்து மூன்றில் ஆணை வந்தது. கோடியக்கரைக்குப் போகும் வழியில் ஒரு சிறு ஊர்க் கல்லூரி. பொறுப்பேற்ற மூன்றாம் நாள் அலுவலகக் கண்காணிப்பாளர் சாரங்கபாணி ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"பெண்கள் விடுதி மேடம். நூத்தைம்பது பேருக்கு. பணம் ஒதுக்கியாச்சு. இடத்துல பத்தொன்பது வீடு இருக்கு. ஆக்கிரமிப்புன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா தாசில்தார் வந்து காலி பண்ணிடுவார்."

"இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போடலை?"

"ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு வம்புன்னு மூணு பேரும் தள்ளிட்டாங்க."

விடுதி என்றதும் அம்சத்தின் கை பேனாவுக்குத்தான் போனது. ஆனாலும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று கல்லூரிக்குப் பின்புறம் நடந்தாள். முதல் வீட்டு வாசலில் ராமாயி என்ற அறுபது வயதுப் பெண் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்களை எப்பம்மா கிளப்பப் போறீங்க?" என்று கேட்டாள், முறத்தைக் கீழே வைக்காமலே.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"நான் வாக்கப்பட்டு வந்ததே இந்த வீட்டுக்குத்தான். எல்லாரும் பண்ணை ஆளுங்க. பண்ணை ஐயா காலேஜுக்கு நிலம் எழுதிக் கொடுத்தப்ப, உள்ள நாங்க இருக்கறதை எழுதலை. எங்களை யாரும் கேக்கவும் இல்லை."

நிலம் கொடுத்தது எழுபத்துமூன்றில். அம்சத்துக்கு அதற்கு முந்தைய ஒரு தேதி தெரியும். எழுபத்தொன்று ஜூனில் பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. மருதையன் தன் வீட்டுக்குப் பட்டா வாங்கியது அந்தச் சட்டத்தில்தான். அப்படியானால் இந்த ஊர்ப் பண்ணையார் தானம் கொடுத்ததில் ஒரு பகுதி அவருடையதே அல்ல.

தாலுகா அலுவலகத்தில் நாலு நாள் தேடி எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலின் வாக்காளர் பட்டியலை எடுத்தாள். பதினேழு குடும்பங்களின் பெயர் இருந்தது. இரண்டு குடும்பம் பின்னால் வந்தவை.

சாரங்கபாணி தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க ஆளுங்கன்னு எழுதிட்டீங்கன்னு பேசுவாங்க."

"பேசட்டும். பட்டியலை நான் எழுதலையே. அச்சடிச்சது."

இது ஆக்கிரமிப்பு இல்லை, பதினேழு மனை குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று மேலிடத்துக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். அந்த மார்ச்சில், செலவாகாத விடுதிப் பணம் திரும்பிப் போயிற்று. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது, கல்லூரி வாசலில் மாணவிகள் உட்கார்ந்ததுதான். முன்னால் இருந்தவள் முத்துப்பேட்டையிலிருந்து வரும் கமருன்னிஸா. தாவரவியல் இரண்டாம் ஆண்டு, கெட்டிக்காரி.

"காலைல அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புறேன் மேடம். லேப் முடிஞ்சு போனா வாப்பா வாசல்லயே நிக்கிறாரு. அவங்களுக்கு வேற இடம் கொடுக்கட்டும். எங்களுக்கு விடுதி வேணும்."

"நீ கேக்கறது தப்பில்லம்மா."

"அப்ப ஏன் நிறுத்துனீங்க?"

சட்டம், தேதி, பட்டியல் எல்லாம் சொல்ல இருந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எதுவும் எடுபடாது என்று தோன்றியது. "வேற வழி பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். ஊருக்குள் வாடகைக்கு ஒரு வீடு தேடினாள்; வயசுப் பெண்கள் இருபது பேர் என்றதும் யாரும் கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் கமருன்னிஸா மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தாள். அதில் அம்சம் கையெழுத்துப் போட்டாள். அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இரண்டாயிரத்து ஆறில் பதினேழு பட்டா வந்தது. மீதி இரண்டு குடும்பத்துக்கு ஊர் ஓரத்தில் இலவச மனை. விளையாட்டுத் திடலின் வடக்கு முனையில் விடுதிக்குப் புது அனுமதி கிடைத்தது. நூற்றைம்பது இல்லை, அறுபது பேருக்கு. அஸ்திவாரம் எழும்பியபோது அம்சம் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். கமருன்னிஸா கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். அலமாரியில் தபால் வழிப் படிப்புப் புத்தகங்கள் இருந்தன.

"தாவரவியல் தபால்ல கிடையாதே மேடம். வரலாறு எடுத்திருக்கேன்."

"விடுதி கட்டறாங்க. திரும்ப வர்றியான்னு கேக்கத்தான் வந்தேன்."

"இனிமே எங்க..." என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "நீங்க செஞ்சது தப்புன்னுதான் நான் இன்னும் சொல்லுவேன்" என்றாள்.

"சொல்லு" என்றாள் அம்சம்.

 கமருன்னிஸா எழுந்துபோய் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, நில உச்சவரம்பு பற்றிய பாடத்தில் தனக்குப் புரியாத இடத்தைக் காட்டினாள். அம்சம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டாள்.