ஏழுதலை அரக்கனுக்கும் ஒரு இன்னாலில்லாஹி

நான் எழுதுவது மாயாஜால நாவல்கள். என் நாட்டில் இரண்டு நிலா உண்டு, பனிமலை உண்டு, பறக்கும் குதிரைகள் உண்டு. பனியை நான் கண்ணால் கண்டதில்லை. பாலாவியில் பஸ் திரும்பும்போது தெரிகிற உப்புக் குவியல்களைப் பார்த்துத்தான் அந்த மலைகளை எழுதினேன். வாசகர்களுக்கு மனம் விட்டுப்போகும் என்பதால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு மனைவி கேட்பாள், "உங்கட நாட்டுல ரெண்டு பிறையாமே. இங்க ஒரு பிறைய வெச்சே ரெண்டு பெருநாள் வருது. அந்தச் சனம் எப்பிடி நோம்பு பிடிக்கிற?" என் நாட்டு மக்களுக்கு நோன்பே கிடையாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குசினிக்குப் போய்விடுவாள். நான் அரைநாள் அந்த நோன்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பேன். இப்படித்தான் என் பொழுது போகிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது இது. நான் கையால் எழுதுகிறவன். தில்லையடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண்தான் அதைக் கணினியில் அடித்துத் தருவாள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கலியாணக் காட், பள்ளிவாசல் அறிவித்தல், மரண அறிவித்தல் எல்லாம் அவள் கையால்தான். என் கிறுக்கலை வாசிக்கக்கூடிய ஒரே ஆளும் அவள்தான்.

மூன்றாவது நாவலை அவள் அடித்துத் தந்ததும் வீட்டில் வைத்துச் சரிபார்த்தேன். அரசன் போரில் விழுகிறான். அடுத்த வரியில் ‘இன்னாலில்லாஹி’ என்று இருந்தது. மரணச் செய்தி கேட்டதும் நாம் சொல்வது அது. நான் எழுதவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். சேனாதிபதிக்கும் இருந்தது. ஏழுதலை அரக்கனுக்கும் இருந்தது. கோபம் தலைக்கேறியது. அவளிடம் கொடுக்க வேண்டிய அடுத்த பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு முந்தலில் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மறுபடி பார்த்தபோது இன்னொரு குழப்பம். புயலில் கப்பலோடு காணாமல் போகிற மாலுமிக்கு மட்டும் அந்த வரி இல்லை. மறந்துவிட்டாளா? அரக்கனை நினைவு வைத்தவள் இவனை எப்படி மறந்தாள்? என் நாவலில் எனக்கே விளங்காத ஒரு சட்டம் ஓடுவதாகப் பட்டது.

"தங்கச்சி, இது என்ன வேலை? அரக்கனுக்குமா?" என்றேன் கடைக்குள் கால் வைத்ததும்.

அவள் பதறவில்லை. "அவனும் ஒரு படைப்புத்தானே நானா. மௌத்தாப் போனதா அடிக்கேக்க கை தன்பாட்டுல அடிச்சிருது. அழிச்சுத் தாறன்."

"அப்ப இந்தக் கப்பல்காரன் என்ன பாவம் செஞ்சான்?"

"அவர்ட மையித்தக் கண்டதா நீங்க எழுதல்லயே." உண்மைதான், உடல் கிடைத்ததாக நான் எழுதவில்லை.

"புயல்ல போனவன் தங்கச்சி. மௌத்தாகாம என்ன?"

"எங்கட வீட்டுக்காரரும் கற்பிட்டியால கடலுக்குப் போனவர்தான். யுத்தம் முடியிறதுக்கு முந்தின வருஷம். புருஷன் மௌத்தானா இருக்கிற மாதிரி வீட்டுக்குள்ள இத்தா இருக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. மையித்தக் காணாம நான் எப்பிடி இருக்கிற? இன்னும் இருக்கல்ல." பேப்பர் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மூன்று நாவல்களாக அவளைத் தெரியும். இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

"அடுத்த பாகத்துல அவர் வாராரா நானா?" என்று கேட்டாள்.

அடுத்த பாகம் என் பையில்தான் இருந்தது. முதல் அத்தியாயத்திலேயே அவன் உடல் கரையொதுங்கும். சட்டையைப் பார்த்து மனைவி அடையாளம் காண்பாள். வாசிக்கிறவர்கள் அழுவார்கள் என்று பெருமைப்பட்டு எழுதியது.

"இன்னும் எழுதல்ல," என்றேன்.

"ஓம், அவசரமில்ல நானா. ஆறுதலா எழுதுங்க."

நாலு வருடமாகிறது. அந்த அத்தியாயத்தை நான் கிழிக்கவுமில்லை, அவளிடம் கொடுக்கவுமில்லை. மாலுமியை உயிரோடு கொண்டுவந்தால் அது அவளுக்குச் செய்கிற உபகாரமா துரோகமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்கிறாள். இன்னும் எழுதவில்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.